முடியைத் தாங்க மாட்டாத மன்னன்

(மூன்றாம் இராசராச சோழன் வரலாறு)

சிவமயம்

எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருளால் தேனாம்பேட்டையில் திருக்குட நன்னீராட்டு விழா இனிது நிகழும் இவ்வேளையில், முடியிழந்த மன்னன் ஒருவனின் வரலாற்றை மலரில் வரைவது பொருந்துமோ என அன்பர் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே எம் துணிபு. குடமுழுக்கிலும் முடிசூட்டிலும் புனித நீரே பெய்யப்படுகின்றது. ஒன்றில் விமானத்தின் உச்சியில். மற்றொன்றில் மன்னன் தலையில். நீர் பெய்தல் ஒருநாட் செயல்; பெய்தபின் காத்தல் வாழ்நாட் செயல். நீராட்டு முறைப்படி நிகழ்ந்தும் காவல் தவறினால் விளைவது யாது என்பதற்குச் சோழர் வரலாற்றின் பிற்பகுதியே சான்று. அப்பகுதியின் நடுவே நிற்பவன் மூன்றாம் இராசராசன்.

பெயரும் பொறுப்பும்

இராசராசன் என்ற பெயரைக் கேட்ட அளவிலே தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயில் நம் நெஞ்சில் எழுகின்றது. அதனை எடுத்த முதல்வன் கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்டவன். அப்பெயர் பூண்ட இரண்டாமவன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலைக் கலைக்களஞ்சியமாக எடுத்து நிறுத்தினான். மூன்றாமவனுக்கும் அதே பெயர் வாய்த்தது. ஆயினும் முன்னோர் பெயர் பின்னோர்க்கு அணியாவதும் உண்டு, சுமையாவதும் உண்டு. இவனுக்கு அது சுமையாயிற்று.

இவனுக்கு முன் ஆண்டவன் மூன்றாம் குலோத்துங்கன். 1178இல் அரசு கட்டில் ஏறி நாற்பதாண்டு ஆண்ட பெருவீரன். திருபுவனத்தில் கம்பகரேசுவரர் கோயிலை எடுத்த சிவநேயச் செல்வன். மதுரையின்மேல் பன்முறை படைநடத்தி வென்றான். அவ்வெற்றிகளுள் இறுதியானதில் அவன் அளவு கடந்தான். பாண்டியர் வழிவழியாக முடிசூடிய மண்டபத்தை இடித்துத் தள்ளி, அவ்விடத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்து, கவடி விதைக்கச் செய்தான். பகைவனை வெல்லுதல் வேந்தர்க்கு இயல்பு. பகைவன் குலத்தின் மானத்தை மண்ணோடு உழுதல் பின்வருவோர்க்குக் கடன் வைத்துச் செல்லுதலாகும். மூன்றாம் இராசராசன் 1216இல் இளவரசுப் பட்டம் எய்தியபோது, நாட்டோடு அக்கடனையும் சேர்த்தே பெற்றான்.

அதே 1216ஆம் ஆண்டில் மதுரையில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் முடிசூடினான். தன் தமையன் காலத்தில் நேர்ந்த இழிவை அவன் மறந்திலன். பெரும்படையொடு சோணாட்டிற் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். மாடமும் கூடமும் மதிலும் மண்டபமும் இடித்தான். அத்துணை அழிவிலும் ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடியாது விட்டான் எனத் திருவெள்ளறைக் கல்வெட்டு உரைக்கின்றது. அது பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்க்குக் கரிகாற்பெருவளத்தான் பரிசிலாக அளித்தது என்று கருதப்பெற்ற மண்டபம். அரசர்க்காக எழுந்த மாளிகைகள் எல்லாம் வீழ, புலவர்க்குக் கொடையாக ஈந்தது ஒன்றே நின்றது. கொடையின் பெருமையைப் பகைவனும் போற்றிய இச்செய்தி கொடையாளர் உள்ளத்தில் எழுதி வைத்தற்குரியது.

பின்னர்ப் பாண்டியன் ஆயிரத்தளி அரண்மனையில் வீராபிடேகம் செய்துகொண்டு, தில்லை சென்று ஆனந்தக் கூத்தனை வணங்கி, பொன்னமராவதியில் வந்து தங்கினான். முதுமை எய்திய குலோத்துங்கன் அங்கே சென்று பணிந்தான். போசள மன்னர் படையும் சோழனுக்குத் துணையாக வரவே, பாண்டியன் நாட்டையும் முடியையும் மீளக் கொடுத்தான். சோணாடு வழங்கியருளியவன் என்னும் சிறப்பைத் தன் பெயரோடு சேர்த்துக் கொண்டான். வென்று கொண்டதினும் வழங்கினேன் என்பதே தோற்றவனுக்குப் பெரும் புண் என்பதை அப்பாண்டியன் நன்கறிந்தவன் போலும்.

1218இல் குலோத்துங்கன் காலமானான். பகைவன் கையால் திரும்பப் பெற்ற முடியே இராசராசன் தலையில் ஏறியது.

வலியறியா வினை

இம்மன்னன் கொடுங்கோலன் என்ற பழி அவன் பெயரோடு ஒட்டவில்லை. குடிகளை வருத்தி இன்பந்துய்த்தான் என்றோ, தெய்வ நிந்தனை செய்தான் என்றோ எவரும் குறை கூறினாரிலர். அவன் ஆட்சியாண்டு குறித்த கோயிற் கல்வெட்டுக்கள் சோணாட்டிலும் தொண்டைநாட்டிலும் மிகப்பல. விளக்கெரிக்க ஆடும் பசுவும், திருவமுதுக்கு நிலமும், நந்தவனத்துக்கு இறையிலியும் அவன் பெயரால் கல்லில் ஏறின. ஆயின் குற்றம் யாது? அரசாளுதற்கு வேண்டும் உறுதியும், தன் வலியையும் மாற்றான் வலியையும் தூக்கிப் பார்க்கும் தெளிவும் அவன்பால் இல்லை. தீமை செய்யும் மன்னனை நாடு அறியும், அறிந்து எதிர்க்கும். ஒன்றும் செய்யமாட்டாத மன்னனோ அரியணையில் இருக்கும்போதே நாடு அவனடியினின்று நழுவிப் போகின்றது. போனபின்பே அவனும் அறிவான், குடிகளும் அறிவர்.

பட்டத்திற்கு வந்தபின் அவனுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் கிடைத்தது. எரிந்த நகரைப் புதுக்கவும், சிதறிய படையைத் திரட்டவும், குறுநில மன்னரைத் தழுவிக் கொள்ளவும் அக்காலம் போதியதே. ஆனால் நிகழ்ந்தது வேறு. சம்புவராயரும், காடவராயரும், மலையமான்களும், வாணகோவரையரும் தத்தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒருவர்க்கு இடர்வரின் மற்றவர் துணைநிற்பது என்றும், இன்னாரோடு கூடுவதில்லை என்றும் ஆணையிட்டு எழுதிக்கொண்ட இவ்வுடன்பாடுகள் கல்லிலும் வெட்டப்பட்டன. குலோத்துங்கன் காலத்திலேயே தோன்றிய இவ்வழக்கம் இவன் காலத்தில் தழைத்தது. பேரரசன் காக்கும் நாட்டில் சிற்றரசர்க்குத் தமக்குள் காவல் ஒப்பந்தம் எதற்கு? மேலே கூரை ஒழுகுவதை அறிந்தோரே தத்தம் தலைக்குத் தனிக்குடை தேடுவர். வடக்கே காஞ்சியும் தெலுங்குச் சோடர் கையகப்பட்டது.

இந்நிலையில், பாண்டியனுக்குச் செலுத்தக் கடவதாயிருந்த திறையை இராசராசன் நிறுத்தினான். அவன்மேற் படையும் ஏவினான். அடிமைத்தளையை அறுக்க எண்ணியது குற்றமன்று; மானமுடைய எவனும் எண்ணுவதே. அறுக்கும் வாளைத் தீட்டாமல் தளையை இழுத்தது பேதைமை. போசளர் வந்து காப்பர் என்ற நம்பிக்கை ஒன்றே அவன் படைக்கலமாக இருந்தது. சுந்தரபாண்டியன் அப்படையைச் சிதறடித்தான். சோழன் பட்டத்தரசியும் சிறைப்பட்டாள் என்று பாண்டியன் மெய்க்கீர்த்தி கூறுகின்றது. முடிகொண்டசோழபுரத்தில் பாண்டியன் மீண்டும் வெற்றி முழுக்காடினான். நாடிழந்த இராசராசன் சிறுபடையொடு வடக்கு நோக்கி ஓடினான்.

தெள்ளாறும் சேந்தமங்கலமும்

வடக்கே அவனை எதிர்கொண்டவன் அயல்நாட்டுப் பகைவன் அல்லன். சோழர்க்குக் கீழ்ப்படிந்து ஆண்டுவந்த காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன். பல்லவர் வழியினராகத் தம்மைக் கூறிக்கொண்டவர் காடவர். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் வாகை சூடிய தெள்ளாற்றிலேயே இக்காடவனும் தன் பேரரசனை மறித்தான். வந்தவாசிக்கு அணித்தாய அவ்வூரில் நிகழ்ந்த போரில் சோழன் தோற்றான். கொடியும் குடையும் முதலாய அரசச் சின்னங்கள் யாவும் பறிபோயின. மன்னனைப் பற்றிக் கொண்டுபோய்ச் சேந்தமங்கலத்துக் கோட்டையிற் சிறைவைத்தான் கோப்பெருஞ்சிங்கன். ஆண்டு 1231. கங்கையும் கடாரமும் கொண்ட குலத்தின் வழித்தோன்றல் தன் சிற்றரசன் ஒருவனின் வீட்டுச் சிறையில் இருந்தான்.

இக்காடவர் சிவநெறியில் தலைநின்றவர் என்பதை ஈண்டு மறைத்தல் ஆகாது. தில்லையின் தென்கோபுரம் சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம் எனக் காடவர் பெயராலேயே கல்வெட்டுக்களில் வழங்குகின்றது. சேந்தமங்கலத்தில் அவர் எடுத்த ஆபத்சகாயேசுவரர் கோயில் இன்றும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கெடிலக்கரையை அணிசெய்து நிற்கின்றது. பரதக்கலையில் வல்ல பெருமாள் என்னும் பட்டமும் அவர்க்குண்டு. சிறைப்பட்டவனும் சிவனடியான், சிறைவைத்தவனும் சிவனடியான். இருவரும் வணங்கியது ஒரு கூத்தனையே. பத்தி உடைமை ஒன்றே ஒருவனை நல்லரசன் ஆக்கிவிடாது. அதுபோலவே பத்தி உடைமை ஒன்றே ஒருவன் செய்த எல்லாவற்றையும் அறமாக்கி விடாது. இவ்விரண்டனையும் ஒருங்கே உணர்த்தும் வரலாறு இதனைப் போல் வேறொன்று கிடைத்தல் அரிது.

மீட்டவர் தந்த மீட்சி

சோழன் சிறைப்பட்ட செய்தி துவாரசமுத்திரத்தில் இருந்த போசள மன்னன் இரண்டாம் வீரநரசிம்மன் செவிக்கு எட்டியது. சோழ அரசை நிலைநிறுத்திய ஆசாரியன் என்னும் தன் பட்டம் பொய்யாகலாகாது எனச் சூள் உரைத்து அவன் புறப்பட்டான். வழியில் மகத நாட்டை வென்று, திருவரங்கத்துக்கு அணித்தாய பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரைக் காடவன்மேல் அனுப்பினான். தானோ காவிரிக்கரையில் மகேந்திரமங்கலத்தில் பாண்டியனோடு பொருது வென்றான்.

தண்டநாயகர் சென்ற வழியைக் கடலூரை அடுத்த திருவயிந்திபுரத்துக் கல்வெட்டு ஊர் ஊராகச் சொல்லிச் செல்கின்றது. தில்லையில் பொன்னம்பலத்து இறைவனை வணங்கினர், மேற்சென்று திருப்பாதிரிப்புலியூரில் தங்கினர், திருவதிகை முதலிய ஊர்களை அழித்தனர், கடற்கரை வரை ஊர்களைச் சுட்டனர், பெண்டிரைப் பிடித்தனர், பொருளைக் கொள்ளையிட்டனர். அன்பர்காள், ஈண்டுச் சிறிது நின்று எண்ணுங்கள். திருவதிகை திருநாவுக்கரசு சுவாமிகள் சூலைநோய் நீங்கி ஆட்கொள்ளப் பெற்ற தலம். திருப்பாதிரிப்புலியூர் அப்பெருமானைக் கல்லே தெப்பமாகக் கரைசேர்த்த தலம். ஒரு மன்னன் தன் அரியணையைத் தானே காக்க மாட்டாமையால், அத்திருமுனைப்பாடி நாடு முழுதும் அவன் மீட்சிக்கு விலையாயிற்று. கோப்பெருஞ்சிங்கன் படையால் தேவாலயங்கள் முன்னமே அழிவுற்றன என அதே கல்வெட்டுக் கூறுகின்றது. சிறைவைத்தவன் படையும் எரித்தது. மீட்கவந்த படையும் எரித்தது. உழவனுக்கும் கோயில் விளக்கேற்றுபவனுக்கும் இரண்டும் ஒரே தீயே.

சேந்தமங்கலத்தை முற்றுகையிடத் தண்டநாயகர் நெருங்கவே, காடவன் இசைந்து சோழனை விடுவித்தான். தண்டநாயகர் அவனை அழைத்துச் சென்று சோணாட்டிற் புகவிட்டனர். இராசராசன் உயிரும் முடியும் பெற்றான். அரசு பெற்றானல்லன்.

நிழல் அரசு

விடுதலைக்குப் பின்னும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு அவன் பெயரளவில் மன்னனாயிருந்தான். அவ்வாண்டுகளைப் பற்றிச் சொல்லத்தக்கது சிறிது. கண்ணனூரில் போசளர் தலைநகர் ஒன்று எழுந்தது; அங்கிருந்து அவர்கள் சோணாட்டின் இயக்கத்தை நடத்தினர். முன்னர்ச் சிறைவைத்த காடவர் 1243 முதல் தம் பெயராலேயே ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கினர். 1246இல் மூன்றாம் இராசேந்திரன் இளவரசுப் பட்டம் பெற்றான். அவன் ஊக்கமும் வீரமும் உடையவன். இழந்ததை மீட்க முயன்றான். ஆயினும் வேர் அழுகிய மரத்துக்கு இலையில் நீர் தெளித்தலால் பயன் என்? 1251இல் மதுரையில் முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் தோன்றினான். தென்னாடு முழுதும் அவன் கொடிக்கீழ் வந்தது. 1256ஐ ஒட்டி இராசராசன் ஆட்சி முடிவுற்றது. 1279க்குப் பின் இராசேந்திரனும் வரலாற்றில் மறைந்தான். விசயாலயன் நாட்டிய அரசு நானூறாண்டு தழைத்து அவிந்தது.

அவன் ஒருவனாலேயே சோழப் பேரரசு வீழ்ந்தது எனல் நடுவுநிலை ஆகாது. முன்னவன் விதைத்த பகையும், குறுநில மன்னர் பெருக்கமும், நாற்புறமும் எழுந்த புதிய அரசுகளும் காரணமாயின. எனினும் தளர்ந்த வீட்டைத் தாங்குதற்குரிய தூண் அவனே, அத்தூண் வலியிலதாயிற்று. அமைதிக்காலத்தில் பிறந்திருப்பின் கோயில்தொறும் நிவந்தம் அளித்து, நல்லவன் என்ற பெயரோடு மறைந்திருப்பான். புயற்காலத்தில் மரக்கலத்தின் சுக்கான் அவன் கையில் அகப்பட்டது. அது அவன் ஊழ் எனின், அக்கலத்தில் இருந்தோர் ஊழும் ஆயிற்று.

கல் சொல்லும் செய்தி

அரசன் தளர்ந்தால் கோயிலுக்குள் என்ன நிகழும் என்பதற்குக் குடந்தையை அடுத்த சிவபுரத்துக் கல்வெட்டு ஒன்று சான்று. இவன் ஆட்சியில் அக்கோயிற் பணியில் இருந்த சிவப்பிராமணர் இருவர் இறைவியின் அணிகலன்களைக் கவர்ந்தனர். அரசாணையை மதியாது வந்த ஆட்களை வருத்தினர். கன்னடப் படையினரோடு கூடி ஊரார்க்கு இடர் செய்தனர். மாகேசுரரும் ஊராரும் கூடி வழக்கை ஆராய்ந்து, அவ்விருவரும் சிவத்துரோகிகள் எனத் தீர்ப்புக் கூறினர். இதில் இரண்டு செய்திகள் உள. ஒன்று, மேலிடத்துக் காவல் நெகிழின் கருவறை வரையிலும் களவு புகும் என்பது. மற்றொன்று, அரசன் காவானாயினும் அடியார் கூட்டம் விழித்திருந்தால் கோயில் பிழைக்கும் என்பது.

நாம் வாழும் இத்தேனாம்பேட்டை பழைய தொண்டைமண்டலத்தைச் சேர்ந்த நிலம். வடக்கே திருவொற்றியூர்க் கோயிலில் இவன் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுக்கள் இன்றும் உள. அவற்றை வெட்டுவித்தோர் நாடு கலங்கிய காலத்தில் வாழ்ந்தவர். மன்னன் இருக்கிறானா, ஓடினானா, சிறையிலா என்று ஐயுற்றிருக்கத்தக்க நாளிலும், இறைவன் திருமுன் ஒரு விளக்கு எரியவேண்டும் என்று பொருள் எழுதிவைத்தனர். சந்திராதித்தர் உள்ளவரை என்று அவர் எழுதியது மன்னனை நம்பியன்று. தமக்குப்பின் வரும் அடியாரை நம்பி. அவர் நம்பியது நம்மை.

இன்னுமொன்று கருதத்தக்கது. சைவசித்தாந்தத்தின் முதனூலாகிய சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கியவர் என்பர் ஆராய்ச்சியாளர். அவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர், சேந்தமங்கலத்தைப் போலவே திருமுனைப்பாடி நாட்டில் உள்ளது. முடிமன்னன் சிறையிருந்த அதே நாட்டில், அதே தலைமுறையில், உயிரின் சிறையாகிய மலத்தினின்று விடுபடும் நெறி பன்னிரண்டு நூற்பாக்களில் வகுக்கப்பட்டது. மன்னனை மீட்கப் பெரும்படை வேண்டியிருந்தது, மீட்டும் பயனில்லை. மெய்கண்டார் காட்டிய மீட்சி இன்றளவும் திருமடங்களில் பாடமாக ஓதப்பட்டு வருகின்றது.

ஆதலின் இவ்வரலாறு அரசர்க்கு மட்டும் உரியதன்று. கோயிலைக் காக்க முன்வந்த அறங்காவலர் ஒவ்வொருவரும் அவ்வெல்லைக்குள் ஓர் அரசர். உபயதாரர் ஒவ்வொருவரும் ஒரு நிவந்தத்தின் காவலர். மூன்றாம் இராசராசனுக்குப் பெயர் இருந்தது, பட்டம் இருந்தது, பத்தியும் இருந்தது. தன் வலியறிதல் இல்லை. உடனிருப்போரைப் பிணைத்தல் இல்லை. தன் கையால் செய்யவேண்டியதைப் பிறர் வந்து செய்வர் என்று காத்திருந்தான். நம்மிடத்தும் அக்குறை புகாதிருத்தல் வேண்டும். கணக்கு நாள்தோறும் எழுதப்படுக. அணிகலன் எண்ணி வைக்கப்படுக. விதானம் ஒழுகின் அடுத்த குடமுழுக்கு வரை காவாது அன்றே அடைக்கப்படுக. கருத்து வேறுபாடு எழின் தனித்தனிக் குடை தேடாது ஒரு கூரையின்கீழ் இருந்து பேசித் தீர்க்கப்படுக. இவை சிறியன போலத் தோன்றும். சோழப் பேரரசு ஒழிந்தது இத்தகைய சிறியன தவறியதனாலேயே என்க.

இன்று பெய்த புனித நீர் இன்றே உலர்ந்துவிடும். அந்நீரை ஏற்ற விமானமோ பல தலைமுறை நிற்கவேண்டியது. அதனைத் தாங்கும் உறுதியை அன்பர் அனைவர்க்கும் தில்லைக் கூத்தப்பிரான் அருளுவானாக.

திருச்சிற்றம்பலம்